கை எங்கே இருக்கு, பாஸ்?

ராத்திரி பத்தரை மணி. ஆள் அரவமே இல்லாத ஹைவே. பின்னாடி திடீர்னு சிவப்பும் நீலமுமா லைட் சுத்துது. காரை ஓரங்கட்டச் சொல்லுது போலீஸ். நீங்க டிரைவர் பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கீங்க. என்ன பண்ணுவீங்க?

நம்ம பழக்கம் ரத்தத்திலேயே ஊறினது. வண்டி நின்னதும் இறங்குவோம். "சார்... சார்..."னு சொல்லிக்கிட்டே ஓடுவோம். போற வழியிலேயே பின் பாக்கெட்ல பர்ஸைத் தேடுவோம், பைக்னா சீட்டைத் தூக்கி ஆர்.சி. புக்கை உருவுவோம், இல்லைனா போனை எடுத்து டிஜிலாக்கரைத் திறப்போம். எல்லாத்துக்கும் முன்னாடி "ஸ்டூடண்ட் சார்"னு காலேஜ் ஐ.டி. கார்டு வெளியே வந்துடும். இறங்காம உட்கார்ந்திருந்தா திமிருன்னு அர்த்தம். இறங்கி ஓடினா மரியாதை.

அமெரிக்கால இந்த மரியாதை அத்தனையும் அப்படியே தலைகீழ்! அங்கே இறங்கி ஓடி வர்றவனையும், பாக்கெட்டுக்குள்ள கையை விடறவனையும் பார்த்தாத்தான் போலீஸுக்கு அடிவயிறு கலங்கும். ஏன்னா, அந்த ஊர்ல யார் இடுப்புல வேணாலும் துப்பாக்கி இருக்கலாம். அதுவும் சட்டப்படியே இருக்கலாம்.

என் பெரியம்மா பையன் டெக்சாஸில் இருக்கான். அங்கேயே எம்.எஸ். முடிச்சு, இப்போ டல்லாஸில் ஹெச்-1பி விசாவில் வேலை. நாலு வாரத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வாட்ஸ்அப் வீடியோ கால்ல வந்தான். அம்மா, பெரியம்மா, நான் மூணு பேரும் ஒரே போனை எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தோம். "ஒரு மேட்டர் நடந்துச்சு"ன்னு அவன் ஆரம்பிச்சதுமே பெரியம்மா முகம் மாறிடுச்சு.

ஹூஸ்டனில் ஒரு ஆபீஸ் மீட்டிங். டீம்ல இருக்குற ஒரு பெரியவர் தன் காரிலேயே கூட்டிக்கிட்டுப் போயிருக்கார். வயசு அறுபதை நெருங்குது, டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். திரும்பி வரும்போது 45-ம் நம்பர் ஹைவேயில் மணிக்கு 75 மைல் போகவேண்டிய இடத்துல 83-ல் மிதிச்சிருக்கார். பின்னாடி லைட்!

பெரியவர் பதறலை. இண்டிகேட்டர் போட்டு ஓரமா நிறுத்தினார். இன்ஜினை ஆஃப் பண்ணார். கண்ணாடியை இறக்கினார். காருக்குள்ள விளக்கைப் போட்டார். ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல, விரலை விரிச்சு வெச்சார். நம்மாளு என்ன பண்ணினான்? உதவி பண்றேன் பேர்வழின்னு, முன்னாடி இருந்த டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுக்கப் போயிருக்கான்.

"கையை எடு. முட்டி மேல வை. அந்தப் பெட்டியைத் தொடாதே"ன்னு பெரியவர் சொல்லியிருக்கார். கத்தலை. மெதுவாத்தான். ஆனா, ஆபீஸ்ல ஒரு தடவைகூட அந்தக் குரலை அண்ணன் கேட்டதில்லையாம். "உள்ளே இன்ஷூரன்ஸ் பேப்பர் இருக்கு. அதுக்கு மேல என் துப்பாக்கி இருக்கு."

அண்ணன் சொன்னதை அப்படியே எழுதறேன்: "அப்போதான்டா எனக்கு என் கையே தெரிஞ்சுது. இருபத்தேழு வருஷமா என்கூடவே இருக்கு. அன்னைக்குத்தான் அதைப் பார்த்தேன்."

போலீஸ் ஆபீசர் டிரைவர் பக்கம் வரலை. வண்டிங்க சீறிப் பாயற ஹைவேயில பல ஆபீசர்கள் பாதுகாப்புக்காக அந்தப் பக்கமாத்தான் வருவாங்களாம், அதாவது பயணி ஜன்னல் பக்கமா. ஆக, டார்ச் வெளிச்சம் நேரா நம்ம அண்ணன் மடியில். இந்தப் பக்கம் துப்பாக்கி வெச்சிருக்குற போலீஸ், அந்தப் பக்கம் துப்பாக்கி வெச்சிருக்குற டிரைவர், நடுவுல பி.இ., எம்.எஸ்.!

ஆபீசர் லைசென்ஸைக் கேட்டார். பெரியவர் கையை அசைக்காமலேயே பேசினார். "ஐயா, துப்பாக்கி வெச்சுக்க எனக்கு லைசென்ஸ் இருக்கு. அது இப்போ இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. என் ரெண்டு லைசென்ஸும் வலது பின் பாக்கெட்ல இருக்கு. எடுக்கலாமா?" ஆபீசர் ஒரு விநாடி பெட்டியைப் பார்த்தார், ஒரு விநாடி அண்ணனைப் பார்த்தார். "மெதுவா எடுங்க"ன்னார். பெரியவர் வலது கையை மட்டும் எடுத்து, பர்ஸை ரெண்டு விரலால உருவி, கார்டுகளை அண்ணன் முகத்துக்கு முன்னாடியே நீட்டினார்.

"இன்ஷூரன்ஸ்?"

"அதுவும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு, ஐயா."

இங்கேதான் எனக்குப் பிடிச்ச இடம். ஆபீசர் லேசா சிரிச்சுட்டு, "பரவாயில்லை, அதை நான் கம்ப்யூட்டர்லயே பார்த்துக்கறேன். பெட்டியை நாம யாரும் திறக்கவேண்டாம்"னு சொல்லிட்டார். டெக்சாஸில் வண்டி நம்பரை வெச்சே இன்ஷூரன்ஸ் இருக்கான்னு போலீஸ் பார்க்குற சிஸ்டம் 2008-லிருந்தே இருக்கு. டெக்சாஸ்ஷ்யூர்னு பேரு. இருந்தாலும் காகிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அவர் கேட்கலை. அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து, ஃபைன் இல்லாம எச்சரிக்கைச் சீட்டு மட்டும் கொடுத்தார். அதோட விட்டாரா? "என்ன மாடல்?"னு துப்பாக்கியைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாராம்! நம்ம ஊர்ல செக்கிங்ல நிக்கிற எஸ்.ஐ., நம்ம புல்லட்டைப் பார்த்துட்டு "மைலேஜ் எவ்வளவுப்பா தருது?"ன்னு கேட்பாரே, அதே டோன். கடைசியில "பார்த்துப் போங்க, மான் குறுக்கே வரும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அவ்வளவுதான் கதை. யாரும் சுடலை, யாரும் கத்தலை. பெரியம்மா மட்டும்தான் கத்தினாங்க: "துப்பாக்கி வெச்சிருக்கவன் கார்ல எதுக்குடா ஏறின?"

"ஏறும்போது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

நியாயமான பதில்தான். அமெரிக்காவில் மக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் நூறு பேருக்கு 120 என்று 2018-ல் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' என்ற ஆய்வு அமைப்பு கணக்குச் சொன்னது. ஆளைவிட துப்பாக்கி அதிகம்! இதுக்காக எல்லார் இடுப்பிலும் இருக்குன்னு அர்த்தம் இல்லை. தன்னிடம் துப்பாக்கி இருப்பதாக 2023-ல் பியூ ஆய்வு மையத்திடம் சொன்னவர்கள் பெரியவர்களில் 32 சதவிகிதம்தான். மூன்றில் ஒருவர். அதே நாட்டில் வருஷத்துக்கு 2 கோடி வண்டிகளுக்கு மேல் போலீஸ் நிறுத்துகிறது என்கிறது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு. அதாவது, ஒரு நாளைக்கு 50,000-க்கு மேல். இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. சட்டப்படி துப்பாக்கி வெச்சிருக்குற ஒரு குடிமகனும், சட்டப்படி துப்பாக்கி வெச்சிருக்குற ஒரு போலீஸும் ஹைவே ஓரத்துல சந்திச்சுக்கிறது அங்கே தினசரி சமாச்சாரம். மிகப் பெரும்பாலும் ஒண்ணுமே நடக்கறதில்லை. ஒண்ணுமே நடக்காததை எந்த டி.வி. காட்டும்? அதனாலதான் நமக்கு அந்த ஒரே ஒரு வகை வீடியோ மட்டும் தெரியும்.

எனக்குக் கேள்வி அதுதான். அந்த 'ஒண்ணுமே நடக்காதது' எப்படி நடக்குது?

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்குக்கூட ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும்: டி.சி.பி. கைகுலுக்கல். 'நான் பேசலாமா?', 'பேசு, எனக்குக் கேட்குது', 'உனக்குக் கேட்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.' இந்த மூணும் முடிஞ்ச பிறகுதான் டேட்டாவே நகரும். பெரியவர் பண்ணினது அச்சு அசல் அதேதான். முதலில் தகவல் சொன்னார். ஆபீசர் கேட்டுக்கொண்டதாக பதில் வரும்வரை காத்திருந்தார். வந்த பிறகுதான் கை நகர்ந்தது. சொல்லிக்கிட்டே கையை நகர்த்தினா கதை கந்தல்.

அங்கே துப்பாக்கிப் பயிற்சி கொடுக்குறவங்க இதை மனப்பாடமாவே சொல்லித் தர்றாங்க. இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'துப்பாக்கி' என்ற வார்த்தையோடு பேச்சை ஆரம்பிக்கக்கூடாது. 'லைசென்ஸ்' என்ற வார்த்தையோடு ஆரம்பிக்கணும். காரணம் சிம்பிள். ஹைவே இரைச்சலில் பாதி வாக்கியம்தான் காதில் விழும். போலீஸ் பாஷையில் 'கன்!' என்று ஒருத்தர் சொன்னால், கூட இருப்பவர் தன்னுடையதை உருவுவார். அதனால்தான் "எனக்கு லைசென்ஸ் இருக்கு, இப்போ கையோட வெச்சிருக்கேன், நான் என்ன பண்ணணும் சொல்லுங்க" என்ற வரிசை. அந்தக் கடைசி வாக்கியம்தான் மேட்டர். துப்பாக்கி வெச்சிருக்குற ஒருத்தர், 'நீங்க சொல்றபடி கேட்கிறேன்'னு முதலிலேயே சாவியைக் கொடுத்துடறார். அதுக்கு ஆபீசர்கள் திருப்பிச் சொல்ற ஒரு பழைய ஜோக் அங்கே ரொம்பப் பிரபலம்: "உங்களுடையதை நீங்க தொடாதீங்க, என்னுடையதை நான் தொடலை!"

ஆனா, சொல்லியே ஆகணுமா? இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனிலும் வடக்கு கரோலினாவிலும் மறைத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர், போலீஸ் நிறுத்தினதும் தானாகவே சொல்லிவிட வேண்டும். ஒஹையோவிலும் அப்படித்தான் இருந்தது. 2022-ல் சட்டத்தை மாற்றி, கேட்டால் சொன்னால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். புளோரிடாவில் தானாகச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. டெக்சாஸ் இன்னும் வேடிக்கை: லைசென்ஸ்காரர், அடையாள அட்டை கேட்கும்போது துப்பாக்கி லைசென்ஸையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்று சட்டம் சொல்லும், காட்டாவிட்டால் இருந்த தண்டனையை 2009-லேயே எடுத்துவிட்டார்கள். இன்டர்னல் அசஸ்மென்ட் மாதிரி. நம்ம பெரியவர், சட்டம் கேட்டதைவிட அதிகமாவே பேசினார்.

ஆபீசர் முகம் அந்தக் கார்டைப் பார்த்ததும் ஏன் லேசாச்சு? டெக்சாஸில் அந்த லைசென்ஸ் வாங்க கைரேகை கொடுக்கவேண்டும். பழைய குற்றப் பதிவுகளைச் சல்லடை போட்டுப் பார்ப்பார்கள். வகுப்பு, எழுத்துத் தேர்வு, அப்புறம் 50 ரவுண்டு சுட்டுக் காட்டும் பிராக்டிகல். பாஸ் மார்க் 70 சதவிகிதம். (நம்ம யூனிவர்சிட்டியைவிட ஸ்ட்ரிக்ட்!) டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறை வெளியிட்டுவந்த அறிக்கைகளைப் பார்த்தால், பட்டியலில் உள்ள குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்களில் லைசென்ஸ்காரர்கள் ஒரு சதவிகிதம்கூட இல்லை. ஆக, ஆபீசருக்கு அந்தக் கார்டு 'இவர்கிட்ட துப்பாக்கி இருக்கு' என்ற தகவல் மட்டும் இல்லை. 'இவரை ஏற்கெனவே ஒருத்தர் செக் பண்ணிட்டார்' என்ற தகவலும்கூட.

அதனாலதான் லைசென்ஸே வேண்டாம் என்ற சட்டம் வந்தபோது போலீஸ் அதிகாரிகளே பலர் முகம் சுளித்தார்கள். 2021-ல் டெக்சாஸ் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அங்கிருந்த போலீஸ் தலைமை அதிகாரிகள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். இருந்தும் நிறைவேறியது. 2024-க்குள் இப்படி லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் 29. லைசென்ஸ் வாங்குபவர்கள் இன்னமும் வாங்குகிறார்கள். ஆனால், வாங்காதவரை ராத்திரியில் நிறுத்தும் ஆபீசருக்கு, அவர் முகத்தைத் தவிர படிக்க வேறு கார்டு இல்லை. எனக்குத் தெரிஞ்சு இது நல்ல இன்ஜினீயரிங் இல்லை. வேலை செஞ்சுக்கிட்டு இருந்த ஒரு சிக்னலைக் கழற்றிப் போட்டுட்டாங்க.

ஹைவே சந்திப்பு எல்லாமே எச்சரிக்கைச் சீட்டோடு முடியறதில்லை. சில சமயம் போலீஸின் உயிரே அந்த இன்னொருவர் கையில் இருக்கும். 2017 ஜனவரி 12, விடிவதற்கு முன். அரிசோனாவில் டோனோபா என்ற ஊர் பக்கம், 10-ம் நம்பர் ஹைவே. கவிழ்ந்து கிடந்த ஒரு காருக்காக நின்று, மற்ற வண்டிகளை எச்சரிக்க ரோட்டில் தீப்பந்தக் குச்சிகளை வைத்துக்கொண்டிருந்த மாநில போலீஸ்காரர் ஒருவரை ஓர் ஆள் சுட்டான். தோளில் குண்டு. கீழே தள்ளி, தலையைத் தார் ரோட்டில் மோத ஆரம்பித்தான். அந்த வழியே வந்த ஒருவர் காரை நிறுத்தி, தன் துப்பாக்கியோடு இறங்கினார். முதலில் அவர் சுடவில்லை. உதவி வேண்டுமா என்று போலீஸ்காரரிடம் கேட்டார். வேண்டும் என்று பதில் வந்தது. தாக்குபவன் நிறுத்தவில்லை. சுட்டார். வழியே வந்த இன்னொரு டிரைவர், அடிபட்டவரின் வண்டி ரேடியோவை எடுத்து உதவிக்கு அழைத்தார். போலீஸ்காரர் பிழைத்துக்கொண்டார்.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான், 2016 நவம்பர் 14 அன்று, புளோரிடாவில் எஸ்டெரோ பக்கம் இதே மாதிரி ஒரு சம்பவம். கீழே விழுந்து அடி வாங்கிக்கொண்டிருந்த ஷெரிஃப் அலுவலக அதிகாரியைக் காப்பாற்றினவர், லைசென்ஸ் வைத்திருந்த ஒரு வழிப்போக்கர். நிறுத்து என்று முதலில் எச்சரித்தார், அப்புறம்தான் சுட்டார். இந்த ரெண்டு இடத்திலும் கவனிங்க: சுடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, இல்லைனா ஒரு எச்சரிக்கை. மறுபடியும் அந்தக் கைகுலுக்கல்தான்.

இதோட நிறுத்தியிருந்தா ஜாலியான கட்டுரையா இருந்திருக்கும். எனக்கும் அதுதான் ஆசை. ஆனா, ஃபிலாண்டோ காஸ்டில் பேரைச் சொல்லாம இதை முடிச்சா, நான் உங்களை ஏமாத்தினவன் ஆவேன்.

2016 ஜூலை 6, மினசோட்டாவில் ஃபால்கன் ஹைட்ஸ். பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்த்த 32 வயது காஸ்டில், பெரியவர் பண்ணினதைத்தான் பண்ணினார். பிரேக் லைட்டைக் காரணம் சொல்லி காரை நிறுத்தினார்கள். இன்ஷூரன்ஸ் அட்டையைக் கொடுத்தார். அப்புறம் மரியாதையாக, தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானாகவே சொன்னார். அவரிடம் அதுக்கான லைசென்ஸ் இருந்தது. மினசோட்டா சட்டப்படி, கேட்டால் சொன்னால் போதும். கேட்காமலே சொன்னார். எடுக்காதே என்றார் ஆபீசர். எடுக்கவில்லை என்றார் இவர். சில விநாடிகள். ஏழு குண்டுகள். பக்கத்து சீட்டில் காதலி, பின் சீட்டில் அவருடைய 4 வயதுப் பெண் குழந்தை. ஆபீசர் மீது வழக்கு நடந்தது. 2017 ஜூனில், குற்றவாளி இல்லை என்று ஜூரி சொல்லிவிட்டது. காஸ்டில் கறுப்பினத்தவர்.

தகவல் போச்சு. பதிலும் வந்துச்சு. ஆனா, அந்தப் பதில்ல நம்பிக்கை இல்லை. டி.சி.பி.-யில் இந்த எரருக்குப் பேரே கிடையாது.

இன்னொண்ணு, ஜானி ஹர்லி. 2021 ஜூன் 21 அன்று கொலராடோவில் ஆர்வாடா என்ற ஊரில், ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றவனை, பக்கத்துக் கடையிலிருந்து ஓடிவந்த ஹர்லி தன் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். எத்தனை பேர் உயிர் தப்பியது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், கொலைகாரனின் ரைஃபிளைக் கையில் எடுத்தார். அந்த நேரம் வந்து சேர்ந்த போலீஸ்காரர் பார்த்தது, ரைஃபிளோடு நிற்கும் ஓர் ஆளை. சுட்டுவிட்டார். ஊர் போலீஸ் தலைவரே ஹர்லியை ஹீரோ என்று சொன்னார். சுட்டவர் மீது வழக்கு போடுவதில்லை என்று அரசு வழக்கறிஞர் அதே வருஷம் முடிவு செய்தார். போலீஸ் வந்து சேரும்போது கையில் ஆயுதம் இருக்கவே கூடாது, கைகள் மேலே இருக்கணும்னு பயிற்சியாளர்கள் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறது இதுக்குத்தான். வர்றவருக்கு உங்க கதை தெரியாது. கை மட்டும்தான் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி கார் மறுபடி கிளம்பினதும், அண்ணன் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கான். "வண்டியை நான் ஓட்டியிருந்தா? அந்தத் துப்பாக்கி என் பக்கத்துல இருந்திருந்தா? அவர் அதே மாதிரி சிரிச்சிருப்பாரா?"

பெரியவர் கொஞ்ச தூரம் பேசவே இல்லையாம். அப்புறம், "நீ கையை ஸ்டியரிங் மேலேயே வை. மத்தது எனக்குத் தெரியலை"ன்னாராம்.

இந்தப் பதிலை நான் மதிக்கிறேன். 'அதெல்லாம் இல்லப்பா, எல்லாருக்கும் ஒண்ணுதான்'னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். ஸ்டான்ஃபோர்டு குழு, கிட்டத்தட்ட 10 கோடி வண்டி நிறுத்தங்களை அலசி 2020-ல் ஒரு முடிவைச் சொன்னது: இருட்டின பிறகு, ஓட்டுபவரின் நிறம் வெளியே தெரிவது கஷ்டமாகும்போது, நிறுத்தப்படுபவர்களில் கறுப்பினத்தவர்களின் பங்கு குறைகிறது. வெளிச்சம் இருந்தால் கூடுகிறது. கையை எங்கே வைக்கணும்னு கத்துக்கலாம். முகத்தை எங்கே கொண்டு போய் வைக்க?

டெக்சாஸ் அரசு இதைப் பாதியாவது புரிஞ்சுக்கிட்டது. 2017-ல் ஒரு சட்டம் போட்டு, போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்வது என்று உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், டிரைவிங் கற்றுக்கொள்பவர்களுக்கும், கூடவே போலீஸுக்கும் பாடமே வைத்துவிட்டார்கள். மூணு பேருக்கும் ஒரே பாடம் என்பதுதான் அதில் எனக்குப் பிடிச்சது.

சரி, எம்.எஸ். கனவோட ஜி.ஆர்.இ. புக்கைப் பிரிச்சு வெச்சிருக்குற ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. எஃப்-1, ஹெச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. 'வைத்திருப்பது' என்பதற்கு அங்கே அர்த்தம் ரொம்ப விரிவு. ரூம் மேட்டின் துப்பாக்கியைக் கையில் பிடிச்சு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடறதுகூட வம்பில் மாட்டிவிடலாம். ஆக, இந்தக் கதைகளில் நமக்குக் கிடைக்கிற சீட், என் அண்ணன் உட்கார்ந்திருந்த சீட்தான்.

அண்ணன் இப்போ தன் காரில் சூரிய வெளிச்சத்துக்கு மறைப்பா இருக்குமே, அந்தத் தட்டியில் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் ரெண்டையும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வெச்சிருக்கான். பெட்டிக்குள்ள டிஷ்யூ பேப்பர் மட்டும்தான். பெரியம்மா வாராவாரம் "யார் வண்டியில போற?"ன்னு கேட்கிறாங்க. அந்தப் பெரியவர்னா இப்போ அவங்களுக்கு ஓகேவாம். "அவரு சூதானமான மனுஷன்"னு சர்ட்டிஃபிகேட் வேற.

எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. போன வாரம் ராத்திரி செகண்ட் ஷோ முடிஞ்சு பைக்ல வர்றேன், வழியில செக்கிங். கையைக் காட்டி நிறுத்தினாங்க. நான் இறங்கலை. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு கையையும் ஹேண்டில்பார் மேல விரிச்சு வெச்சுக்கிட்டு, நேரா பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எஸ்.ஐ. பக்கத்துல வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்தார்.

"சார், லைசென்ஸ் என் பின் பாக்கெட்ல இருக்கு. எடுக்கலாமா?"

அவர் என் முகத்துக்கு ரொம்பக் கிட்ட வந்து மோந்து பார்த்தார். அப்புறம் ஏட்டையாவைக் கூப்பிட்டார். "தம்பியை ஊதச் சொல்லுய்யா."